நந்தி மலையின் பின்பக்கம்: பெங்களூரைச் சுற்றி வண்டித் தொல்லை இல்லாத மண்பாதைச் சவாரிக்கு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் நந்தி மலையைத்தான் சொல்வார்கள். ஞாயிறு விடியற்காலையில் அந்த மலைச்சாலையில் சைக்கிளைவிடக் கார்தான் அதிகம். உச்சியை விட்டுவிடுங்கள். அதே மலையின் அடிவாரத்தில், திராட்சைப் பந்தல்களுக்கும் ராகிக் கொல்லைகளுக்கும் நடுவே போகும் வண்டிப்பாதைகளில் ஒரு மணி நேரம் மிதித்தாலும் எதிரே வருவது ஒரு டிராக்டரும் நாலு மாடும்தான்.

இந்தப் பாதைகளுக்கு அம்புக்குறியும் பெயர்ப்பலகையும் கிடையாது. துண்டு துண்டாகக் கிடப்பவற்றை நீங்களே கோத்துக்கொள்ள வேண்டும். கோப்பதற்கு நல்ல நூல் தண்ணீர். ஆறு, ஓடை, ஏரிக்கரை, மதகுக் கால்வாய் என்று தண்ணீர் போகும் வழியே போனால் ஏற்றம் மெதுவாக இருக்கும், வயல்களுக்குப் போகும் மண்பாதைகளும் நெருக்கமாகக் கிடைக்கும்.

எந்தத் திசை

வடக்கே, நந்தி. கடல் மட்டத்திலிருந்து 1,478 மீட்டர் உயரம். பெங்களூரே ஏறத்தாழ 900 மீட்டரில் இருப்பதால் அடிவாரச் சுற்றில் மூச்சு முட்டும் ஏற்றம் அதிகம் வராது. கடலூர் வரை போகும் தென்பெண்ணையும், ராமநகரம் பக்கம் ஓடும் அர்க்காவதியும் இந்த மலைக்கூட்டத்தில்தான் பிறக்கின்றன. ஆறு என்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். இங்கே அவை தாண்டிக் குதிக்கிற அளவு ஓடைகளும் ஏரிகளும்தான். காரில் சைக்கிளைக் கொண்டுபோய் நந்தி கிராமத்தில் போகநந்தீஸ்வரர் கோயில் பக்கம் நிறுத்திவிட்டு அங்கிருந்து கிளம்புவது வசதி. பொறியாளர் விஸ்வேஸ்வரய்யா பிறந்த முத்தேனஹள்ளி வழியாக மலையின் கிழக்கு அடிவாரத்தைத் தொட்டு, தாரும் மண்ணும் கலந்து 40 கிலோமீட்டர் சுற்று ஒன்றை எளிதாகக் கட்டலாம். ஒரு எச்சரிக்கை: சிக்கபள்ளாப்பூர் பக்கம் ஆவலகுர்கியில் 2023 ஜனவரியில் ஆதியோகி சிலை திறந்த பிறகு, அந்தச் சாலையில் சனி ஞாயிறு மாலை கார் வரிசை கட்டும். காலையிலேயே அந்தப் பக்கத்தை முடித்துவிடுங்கள்.

மேற்கே, அர்க்காவதிப் பள்ளத்தாக்கு. எங்களைக் கேட்டால் அழகில் முதலிடம் இதற்குத்தான். ஹெசரகட்டா ஏரி, திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம், மஞ்சனபெலே அணை என்று ஆறு தெற்கே இறங்கி, ராமநகரம், கனகபுரம் தாண்டி மேகதாதுக்கு மேலே சங்கமத்தில் காவிரியில் சேர்கிறது. தொட்ட ஆலமரம் (கன்னடத்தில் 'பெரிய ஆலமரம்') என்ற இடத்தில் தொடங்கி மஞ்சனபெலே, அங்கிருந்து சாவனதுர்காவின் அடிவாரம், திரும்பும்போது வேறு வழி என்று 50 கிலோமீட்டர் சுமாருக்குப் போடலாம். 1,226 மீட்டர் உயரமுள்ள சாவனதுர்கா மொட்டைப் பாறை பாதி வழியிலிருந்தே கண்ணில் படும் என்பதால் திசை தவறுவது அபூர்வம். மஞ்சனபெலேயில் தண்ணீரைப் பார்த்ததும் இறங்கிக் குளிக்கத் தோன்றும். வேண்டாம். அங்கே மூழ்கி இறந்தவர்கள் பலர்.

தெற்கே கனகபுரம் பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நகரத்தின் கழிவுநீரைச் சுமந்து பைரமங்கல ஏரி வழியாக வரும் விருஷபாவதி, அர்க்காவதியில் கலப்பது இந்தப் பக்கம்தான். அதற்குக் கீழே ஆற்றில் கால் நனைப்பதுகூட நல்லதல்ல. பார்க்க ஆறு, முகர்ந்தால் சாக்கடை.

கிழக்கே கோலார் மாவட்டம் ஏரிகளின் நாடு. முன்பு வறண்ட ஏரிக்குள்ளேயே குறுக்கே ஓட்டிப் போனார்கள். 2018-இல் கே.சி. வேலி திட்டம் தொடங்கி, பெங்களூரின் சுத்திகரித்த நீர் அந்த ஏரிகளுக்கு வர ஆரம்பித்ததும் அந்தக் குறுக்குவழிகள் தண்ணீருக்கடியில் போய்விட்டன. யாராவது பழைய ஜி.பி.எக்ஸ். கோப்பு (போன பாதையைப் பதிந்த கோப்பு) கொடுத்தால் தேதியைப் பாருங்கள்.

ஓசூர் பக்கம் தளி, தேன்கனிக்கோட்டை நமக்கு மொழியும் வசதி, நிலமும் அழகு. ஆனால் பன்னேர்கட்டா காட்டிலிருந்து ராகி விளையும் காலத்தில், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, யானைக் கூட்டம் அந்தப் பக்கம்தான் வரும். ஜவளகிரி ஒட்டிய காட்டோரப் பாதைகளை அந்த மாதங்களில் தொடவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் நன்றாக வெளிச்சம் வந்த பிறகே இறங்கி, மாலை நாலு மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். தேநீர்க் கடையில் "ஆனை நடமாட்டம் இருக்கா அண்ணே?" என்று கேட்ட பிறகே உள்ளே போங்கள். இருக்கிறது என்று சொன்னால் அன்றைக்குத் தார்ச்சாலைதான்.

வரைபடத்தில் பாதை கட்டுவது

கூகுள் மேப் காட்டும் வழியை நம்பினால் நெடுஞ்சாலையில் கொண்டுபோய் விடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவில் ஓடும் செயலிகள், ஓஸ்ம்அண்ட், கோமூட், ரைட் வித் ஜி.பி.எஸ். போன்றவை, மண்பாதைகளை விட்டு விட்டு வரும் கோடாகக் காட்டும். அதில் 'டிராக்' என்று குறித்தவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் இருக்கும். இரண்டும் மூன்றும் கிராவல் பைக்குக்கு, அதாவது மண்பாதைக்கென்று அகல டயர் போட்ட சைக்கிளுக்கு, பொருத்தம். நான்கு என்றால் பெரும்பாலும் வெறும் மண். ஐந்தை வேனிற்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இந்தத் தரக்குறிப்பு பாதிப் பாதைகளுக்கு இல்லவே இல்லை. அதனால் அடுத்த வேலை செயற்கைக்கோள் படம்.

கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்து, பழைய படங்களைக் காட்டும் கால அளவுகோலை நகர்த்துங்கள். ஒரே பாதையை இரண்டு படங்களில் பார்க்க வேண்டும்: மார்ச் அல்லது ஏப்ரலில் எடுத்தது, மழைக்குப் பின் நவம்பர் வாக்கில் எடுத்தது. மார்ச்சில் செம்மண் கோடாகத் தெரிந்தது நவம்பரில் பச்சையாகி மறைந்தால் அது யாரும் நடக்காத பாதை, முள் மண்டியிருக்கும். இரண்டிலும் இரட்டைத் தடம் தெரிந்தால் டிராக்டர் ஓடுகிறது, நீங்களும் போகலாம். சுற்றுவட்டாரத்தில் வெள்ளைச் சாம்பல் நிறக் குழி தெரிந்தால் அது கல் குவாரி. குவாரியிலிருந்து வெளியேறும் பாதை எவ்வளவு அகலமாக, அழைப்பதுபோல் இருந்தாலும் அதை விடுங்கள். டிப்பர் லாரி ஓட்டுபவருக்கு அந்தத் தூசியில் சைக்கிள் தெரியாது. தரையில் இதற்கு அடையாளம் இன்னும் எளிது: ஓரத்துச் செடிகளின் இலைகளில் மாவு பூசியதுபோல் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது லாரித் தடம்.

பலரும் செய்யாத ஒரு படி உண்டு. கர்நாடக நில அளவைத் துறையின் இணையதளத்தில் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. திஷாங்க் செயலியில் நீங்கள் நிற்கும் இடத்தின் சர்வே எண்ணும் தெரியும். கிராம வரைபடத்தில் பண்டி தாரி, அதாவது வண்டிப்பாதை, கோடு கோடாக வரைந்திருக்கும். குறியீட்டு விளக்கம் ஓரத்தில் இருக்கும். கன்னட எழுத்து தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்த நண்பரிடம் காட்டிக் கெரெ, ஹள்ள, பண்டி தாரி என்ற மூன்று சொற்களை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். ஏரி, ஓடை, பாதை மூன்றும் கைக்கு வந்துவிடும். இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. கிராம வரைபடத்தில் உள்ள பாதை பொதுப்பாதை, அதில் போக யாருடைய அனுமதியும் தேவையில்லை. வரைபடத்தில் இல்லாமல் பட்டா நிலத்துக்குள் போகும் தடம், நிலம் கைமாறி லேஅவுட் ஆனதும் கம்பி வேலியில் முட்டி நின்றுவிடும்.

இப்போது அடிக்கடி முட்டும் இன்னொரு தடை சாட்டிலைட் டவுன் ரிங் ரோடு. தாபஸ்பேட்டை, தொட்டபள்ளாப்பூர், தேவனஹள்ளி, ஹொசகோட்டை என்று வளைந்து வரும் இந்தச் சாலை பழைய வண்டிப்பாதைகள் பலவற்றைக் குறுக்கே வெட்டியிருக்கிறது. வழியில் அது வந்தால் சுரங்கப் பாலம் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் முன்பே பார்த்து, பாதையை அதன் வழியாக இழுத்துவிடுங்கள். மைசூர் பக்கம் போகிறவர்களுக்கு: விரைவுச்சாலையின் நடுப்பகுதியில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடு மட்டும்தான்.

காட்டுக்குள் கோடு போடாதீர்கள். பன்னேர்கட்டா, காவிரி வனவிலங்குச் சரணாலயம், சாவனதுர்காவைச் சுற்றிய காப்புக்காடு எல்லாம் அனுமதியில்லாமல் நுழைந்தால் குற்றம். வனத்துறை இணையதளத்தில் மலையேற்றத்துக்கு எடுக்கும் சீட்டு நடப்பதற்கானது. அதைக் காட்டிச் சைக்கிளை உள்ளே கொண்டுபோக முடியாது. ராமநகரத்தில் ராமதேவர பெட்டா பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம், அதையும் வெளியிலிருந்து பார்த்தால் போதும். ஹெசரகட்டா புல்வெளியில் ஏற்கெனவே இருக்கும் தடத்தை விட்டு இறங்காதீர்கள்; தரையில் கூடு கட்டும் பறவைகளின் இடம் அது.

தூரக் கணக்கு: தாரில் மணிக்கு 22 கிலோமீட்டர் போகிறவர் மண்ணில் 12 முதல் 14தான் போவார். வாயிற்கதவு திறந்து மூடுவது, வழி கேட்பது, பஞ்சர் எல்லாம் சேர்த்தால் 40 கிலோமீட்டர் சுற்றுக்கு நாலு மணி நேரம் வையுங்கள். முதல் சவாரியில் பத்துக் கிலோமீட்டருக்கு ஒருமுறை தார்ச்சாலைக்குத் திரும்பும்படி பாதை போடுங்கள். பாதைக் கோப்பை அலைபேசியில் முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மலை மறைவில் சிக்னல் போய்விடும்.

வண்டியைத் தயார் செய்வது

புது கிராவல் பைக் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. 40 மி.மீ. டயர் நுழையும் ஹைப்ரிட் போதும், முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள எம்.டி.பி.யும் (மலைச் சைக்கிள்) போதும். டயர்தான் முக்கியம். 35 மி.மீ.க்குக் கீழே இந்த நிலத்தில் சுகப்படாது. மண்ணில் பாதி புதைந்து தலை நீட்டும் கருங்கல் ரிம்மை நசுக்கிவிடும்.

காற்றழுத்தம். 70 கிலோ எடையுள்ளவர், 40 மி.மீ. டியூப்லெஸ் டயர் என்றால் முன்னே 30, பின்னே 34 பி.எஸ்.ஐ. என்று தொடங்குங்கள். ஆள் எடை பத்து கிலோ கூடினால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டலாம். டியூப் போட்டிருந்தால் எட்டுப் பத்து கூடுதல். இல்லாவிட்டால் கல்லில் டியூப் கடிபட்டு, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். மணல் மண்டிய ஓடைப் பகுதியில் நாலு பி.எஸ்.ஐ. குறைத்தால் டயர் புதையாது. கைபம்பில் அளவுமானி இருக்கட்டும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது இந்த அளவில் தவறாகவே போகும்.

முள் இந்த ஊரின் வரி. நெருஞ்சி பாதை நடுவிலும், கருவேல முள் ஏரிக்கரையிலும் இருக்கும். ஏரிக்கரைகளில் சீமைக் கருவேலம் வெட்டிப் போட்ட மாதங்களில் டியூப் டயரோடு போவது வீண் வேலை. டியூப்லெஸ் டயர் ஒவ்வொன்றிலும் 60 முதல் 80 மில்லி சீலண்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினால் 'சளக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே ரப்பர்த் துண்டுகள்தான் மிச்சம். குத்திய முள்ளில் காற்று கசியாவிட்டால் வழியில் பிடுங்காதீர்கள். அது தானே அடைத்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து, ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிவைத்து எடுங்கள்.

டியூப் மாற்றினால், புது டியூப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைப் பஞ்சாலோ பழைய பனியன் துணியாலோ ஒரு சுற்றுத் தடவுங்கள். கருவேல முள் உள்ளே முனை உடைந்து ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, துணியின் நூல் அதில் மாட்டி இழுக்கும். அதை எடுக்காமல் டியூப் போட்டால் ஒரு கிலோமீட்டரில் மறுபடி இறங்க வேண்டும்.

கியர் விஷயத்தில் கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி, முன் பல்சக்கரத்தின் பற்களும் பின்னாலுள்ள பெரிய பல்சக்கரத்தின் பற்களும் எண்ணிக்கையில் சமமாவது இருக்க வேண்டும்: 34-க்கு 34, 40-க்கு 42 என்று. அதைவிடக் கனமான கியரில் சரளை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க நேரும், எழுந்தால் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும். டயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவட்டை) இடையே இரண்டு பக்கமும் ஆறு மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். ஏன் என்பது மழைக்குப் பிறகு புரியும்.

பையில் போக வேண்டியவை: இரண்டு டியூப், டியூப்லெஸ் பிளக், லீவர், கைபம்பு, செயின் இணைப்புக் கொக்கி, உங்கள் சட்டத்துக்கே உரிய டிரெய்லர் ஹேங்கர் ஒன்று (டிரெய்லர் என்பது பின்சக்கரத்தருகே செயினை நகர்த்திக் கியர் மாற்றும் கருவி, ஹேங்கர் அதைச் சட்டத்தோடு பிடிக்கும் சிறு தகடு), பழைய டயரிலிருந்து வெட்டிய விரல் நீளத் துண்டு. கடைசியில் சொன்னது டயரின் பக்கம் கிழிந்தால் உள்ளே வைத்து ஓட்டிவர. ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு; உடைந்த பிறகு கிராமத்துச் சைக்கிள் கடையில் தேடிப் பயனில்லை.

காலமும் நேரமும்

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை சிறந்தது. ஜனவரியில் 6:45-க்குத்தான் சூரியன் வரும், நந்தி பக்கம் பனிமூட்டம் எட்டு வரைகூட நிற்கும், பின்விளக்கு கட்டாயம். மார்ச், ஏப்ரலில் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். மழைக்குப் பின் எவ்வளவு நாள் காத்திருப்பது என்பது மண்ணைப் பொறுத்தது. மணல் கலந்த செம்மண் ஒரு நாள் வெயிலில் இறுகி, முன்பைவிட நன்றாக ஓடும். ஏரி வண்டல் படிந்த இடங்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

சேறு ஒட்டத் தொடங்கினால் உடனே இறங்குங்கள். செம்மண் களியும் புல்லும் சேர்ந்து ஃபோர்க்கில் அப்பிச் சக்கரம் நின்றுவிடும். அப்போது பலத்தைக் கூட்டி மிதித்தால் செயின் டிரெய்லரை இழுத்து ஆரத்துக்குள் சொருகிவிடும். மாட்டுத்தொழுவத்தில் சாணி வழிப்பதுபோல் ஒரு குச்சியால் வழித்துப் போட்டுவிட்டு, ஓரத்துப் புல்லில் தள்ளிக்கொண்டு நடப்பதுதான் வேகமான வழி.

பாதையில் எதிர்ப்படுபவை

டிசம்பர், ஜனவரியில் ராகியையும் கொள்ளையும் அறுத்துத் தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் ஏறித் தானியம் உதிரட்டும் என்று. காருக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிளுக்கு இரண்டு ஆபத்து: காய்ந்த தாள் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும், நீண்ட கொள்ளுக்கொடி டிரெய்லர் உருளையில் சுற்றி, இரண்டு மிதியில் ஹேங்கரை முறித்துவிடும். ஓரத்தில் இடம் இருக்கும், இல்லாவிட்டால் இறங்கித் தூக்கிக்கொண்டு தாண்டுங்கள். தாண்டியதும் உருளையைப் பார்த்து, சுற்றிய நாரை உருவிவிடுங்கள். ராமநகரம் பக்கத்துப் பட்டுப்பூச்சி ஊர்களில் சந்திரிகை என்னும் வட்ட மூங்கில் தட்டுகளைத் தெருவில் சாய்த்துக் காய வைத்திருப்பார்கள். சந்து குறுகலாக இருந்தால் கைப்பிடி இடித்துத் தட்டு விழும், கூடவே வசவும் விழும்.

பாதையைக் குறுக்கிடும் ஓடையில் தரைப்பாலம் இருந்தால் கான்கிரீட் மேல் பச்சைப் பாசி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்பாமல், பிரேக் தொடாமல் நேராகப் போக வேண்டும், அல்லது தள்ளிக்கொண்டு போக வேண்டும். பாலம் இல்லாத இடத்தில் அடி தெரியாத தண்ணீரிலும், சக்கரத்தின் அச்சைத் தொடும் தண்ணீரிலும் இறங்காதீர்கள். அச்சு நனைந்தால் பேரிங்குக்குள் மணல் போகும். வயலோர வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். காட்டுப்பன்றிக்கு மின்சாரம் விட்டிருக்கலாம்.

நாய் துரத்தினால் வேகம் கூட்டுவதுதான் எல்லாரும் செய்வது, மண்பாதையில் அது விழுவதற்கான வழி. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடித்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். சிறு கீறல்தானே என்று விடக்கூடாது.

வழி கேட்கும்போது "ஈ தாரி நந்திகெ ஹோகுத்தா?" (இந்தப் பாதை நந்திக்குப் போகுமா?) என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், எல்லாப் பாதையும் கடைசியில் நந்திக்குப் போவதுதானே. "அண்ணா, ஈ தாரீலி பைக் ஹோகுத்தா?" என்று கேளுங்கள். பைக் போகும் பாதையில் சைக்கிள் போகும். "நடெயோக்கெ மாத்ர" என்று பதில் வந்தால் நடக்க மட்டும்தான். தோளில் சுமக்க வேண்டியிருக்கும். சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கம் தெலுங்கிலும் பதில் வரும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் கணக்கு, மார்ச்சுக்குப் பிறகு முக்கால் லிட்டர். இரண்டு 750 மில்லி பாட்டில்களோடு கிளம்பி நடுவே ஒருமுறை நிரப்பினால் போதும். ஒன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்துகொள்ளுங்கள். சிறு ஊர்க் கடைகளில் காலையில் சித்ரான்னமும் இட்லியும் ஒன்பதரை வரைதான் இருக்கும், அதற்குப் பின் பிஸ்கட்டும் வாழைப்பழமும்தான். மேற்குச் சுற்றை பிடதியில் முடித்தால் தட்டு இட்லி கிடைக்கும். அதற்காகவே சுற்றைத் திருப்பி வைப்பவர்களும் உண்டு.

திரும்பி வந்த பிறகு

காய்ந்த செம்மண்ணை முதலில் தூரிகையால் தட்டிவிட்டு, பிறகு குறைந்த வேகத் தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் குழாயை அச்சின் மேல் பிடித்தால் கிரீஸ் வெளியே வந்து மண் உள்ளே போகும். செயினைத் துடைத்து, வெயில் காலத்தில் உலர்வகை எண்ணெயும் மழைக்காலத்தில் ஈரவகை எண்ணெயும் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையில் தூசி ஒட்டினால் அது பல்லை அராவும் உப்புத்தாள்.

அன்றிரவே பாதைக் கோப்பைத் திறந்து, மூடியிருந்த வேலி, நாய் இருந்த பண்ணை, சேறு நின்ற மூலை, தண்ணீர் கிடைத்த கடை எல்லாவற்றையும் புள்ளியிட்டு, மாதத்தோடு குறித்து வையுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு வைத்திருந்தால் நீங்கள் போன பாதையின் தரத்தையும் அங்கேயே திருத்திவிடலாம். மூடிய பாதையைத் திருத்தும்போது அழித்துவிடாமல் 'அனுமதி இல்லை' என்று மட்டும் மாற்றுங்கள். அழித்தால் அடுத்தவர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து மறுபடி அதே கோட்டைப் போட்டுவிடுவார்.